பாதி என்று எந்தப் பேப்பரில் இருக்கிறது?

சாப்பாட்டுச் சங்கு ஊதி ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். டைம் ஆபீஸ் ஜன்னலின் கம்பி வலையை யாரோ சில்லறைக் காசால் தட்டினார்கள்.

அந்த நேரத்தில் தட்டுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். பதினெட்டு வருஷப் பழக்கம். "ரெண்டு மணிக்கு மேல வாங்க" என்று நிமிராமலே சொன்னேன்.

"ரெண்டு மணிக்கு நான் புதுவாயல்ல என் மெஷின் முன்னாடி நிக்கணும் மேடம். பர்மிஷன் போட்டுக்கினு வந்துகீறேன்."

நிமிர்ந்து பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். வேறொரு கம்பெனியின் நீலக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தார். நெற்றியில் வியர்வை. கையில், நாலாக மடித்த இரண்டு சம்பள ரசீதுகள்.

"நான் ஜெயசீலன் ஊட்டுக்காரி. மெல்டிங்குல கீறாரே, அவரு. என் பேரு எஸ்தர். போன மாசமும் பாதி, இந்த மாசமும் பாதி. புடிச்சது நீங்கதானே?"

"நான் பிடிக்கலம்மா. கோர்ட் ஆர்டர். சம்பள ஜப்தி. கம்பெனி என்ன பண்ண முடியும்?"

இந்த நான்கு வாக்கியங்களை நான் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் அழுவார்கள், அல்லது திட்டிவிட்டுப் போவார்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. எஸ்தர் இரண்டையும் செய்யவில்லை.

"கோர்ட்டு சொன்னா புடிங்க. வாணாம்னு சொல்லல. பாதின்னு எந்தப் பேப்பர்ல போட்டுக்கீது? அத்த மட்டும் காட்டுங்க. படிச்சிட்டுப் பூடறேன்."

"ஆபீஸ் ஃபைல வெளியாளுக்கெல்லாம் காட்ட முடியாது."

"வெளியாளா?" என்றார். குரல் உயரவே இல்லை. "சரி. நாளிக்கு வரேன். நீங்களாச்சும் ஒரு வாட்டி பாத்து வைங்க."

போய்விட்டார். கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. நான் டப்பாவை மூடினேன். பசி போயிருந்தது.

பென்சில் எழுத்து

இந்தத் தொடரைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு எங்கள் தொழிற்சாலை பழக்கமாகியிருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி மணல் அச்சில் வார்க்கிற நடுத்தரமான கம்பெனி. எந்தப் பக்கம் நின்றாலும் சுட்ட மணலின் வாசனை அடிக்கும். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் போகாது. நான் அங்கே வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் பார்ப்பவள்.

அன்று மதியம் ஜெயசீலன் ஃபைலை எடுத்தேன்.

நீதிமன்ற உத்தரவு இரண்டு பக்கம், ஆங்கிலத்தில். முதல் பக்கத்தில் பெயர், வழக்கு எண், கடன் தொகை. ஓரத்தில் எங்கள் மேனேஜரின் பென்சில் எழுத்து: 50%. அதன் கீழே அழுத்தமாக ஒரு கோடு. அந்தப் பென்சிலைப் பார்த்துத்தான் நான் இரண்டு மாதமும் கணக்குப் போட்டிருந்தேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதே இல்லை.

திருப்பினேன். பாதி என்று எங்கேயும் இல்லை. சட்டத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு மட்டும் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பிரிவு எண்: அறுபது.

மாலை ரயிலில், பொன்னேரி வருவதற்குள், போனில் அந்தப் பிரிவைத் தேடிப் படித்தேன். உரிமையியல் நடைமுறைச் சட்டம் என்கிற பெரிய புத்தகத்தில் ஒரு பிரிவு. ஒரே வாக்கியம் பத்து வரி போகிறது. மூன்று தரம் படித்ததில், கவரைப்பேட்டை தாண்டும்போது, ஒருவாறு பிடிபட்டது.

நான் வக்கீல் இல்லை. எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். கடனுக்காக ஒருவருடைய சம்பளத்தை ஜப்தி செய்தால், முதல் ஆயிரம் ரூபாயைத் தொடக்கூடாது. மீதியில் மூன்றில் இரண்டு பங்கைத் தொடக்கூடாது. மிஞ்சுகிற ஒரு பங்கைத்தான் பிடிக்கலாம்.

பத்தொன்பதாயிரம் சம்பளம் என்றால் ஆயிரம் போகப் பதினெட்டாயிரம். அதில் மூன்றில் ஒன்று, ஆறாயிரம். நான் பிடித்தது ஒன்பதாயிரத்து ஐந்நூறு.

இன்னொன்றும் இருந்தது. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் இருபத்து நான்கு மாதம் பிடித்தாகிவிட்டால், அதற்கு மேல் அந்தத் தீர்ப்புக்காகச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. பி.எஃப். பணத்தை எந்தக் கடன்காரரும் தொட முடியாது. மனைவி, பிள்ளைகளுக்குத் தர வேண்டிய ஜீவனாம்சம் என்றால் மட்டும் கணக்கு வேறு, அங்கே மூன்றில் இரண்டு பங்குவரை போகலாம்.

இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிற சட்டம். தொகைகள்தான் அவ்வப்போது மாறியிருக்கின்றன. பதினெட்டு வருஷமாகச் சம்பளம் போடுகிறவளுக்குத் தெரியவில்லை.

"கேட்டுட்டாங்க சார்"

மறுநாள் காலை மேனேஜரிடம் போனேன்.

"குறைச்சுப் பிடிச்சா கோர்ட் நம்மளக் கேக்கும்" என்றார் அவர், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அதிகமாப் பிடிச்சா யார் கேக்கப் போறா?"

"கேட்டுட்டாங்க சார்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பேப்பரை வாங்கினார், படித்தார், பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தார். "சட்டத்துல என்ன இருக்கோ அதப் பிடி. நாளைக்கு ஏதாவது வந்தா உன் தலைல."

மதியம் எஸ்தர் வந்தார். இந்தத் தரம் கதவைத் திறந்து உள்ளே உட்காரச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். பிளஸ் டூ வரைக்கும் படித்தவர். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்திக்கொண்டு மெதுவாகப் படித்தார். நான் கணக்கைச் சொன்னேன். அவர் சம்பள ரசீதின் பின்பக்கத்தில் தானே ஒரு தரம் போட்டுப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு மாசத்துல ஏழாயிரம் சேத்துப் புடிச்சிக்கீறீங்க."

"ஆமாம். தப்பு என்னோடது. கோர்ட்டுக்குக் கட்டியாச்சு. அதிகமா போயிருக்குன்னு இன்னிக்கே லெட்டர் எழுதறேன். அடுத்த சம்பளத்திலேர்ந்து ஆறாயிரம்தான் பிடிப்பேன்."

அந்த நாற்காலியில் உட்கார்ந்து "தப்பு என்னோடது" என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. திட்டு விழும் என்று காத்திருந்தேன். எஸ்தர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மூணு வருசமா இந்தக் கடன வெச்சிக்கினு எத்தினி பேருகிட்ட நின்னுகீறோம் மேடம். தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. எல்லாரும் எங்களத்தான் சொன்னாங்க."

பிறகு கதையைச் சொன்னார். அவருக்கே ஒரு அறுவை சிகிச்சை, கர்ப்பப்பையில். தள்ளிப்போட முடியாத நிலை. ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் ஜெயசீலன் கடன் வாங்கினார். ஒரு வருஷம் தவணை தவறாமல் கட்டினார்கள். அப்புறம் எங்கள் கம்பெனியில் ஒரு ஷிஃப்டைக் குறைத்தார்கள். ஓவர்டைம் நின்றது. தவணையும் நின்றது. வட்டி நிற்கவில்லை.

நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தபோது ஜெயசீலன் அதை வாங்கி, டிவிக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

"கோர்ட்டுன்னா கைல வெலங்கு மாட்டிடுவாங்கன்னு பயந்துகினாரு. அவுங்க அப்பா அம்மா பொன்னேரி பக்கத்துல நடவு, அறுப்புக்குப் போனவங்க. கோர்ட்டு வாசல மிதிக்காத குடும்பம்னு பெருமையாப் பேசுவாங்க. போவாததால தானா தீர்ப்பு ஆயிப்போச்சு."

நேரில் போயிருந்தால் அன்றே தவணை கேட்டிருக்கலாம் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"இந்த ரெண்டு மாசம் காலைல நாஷ்டா கெடையாது மேடம், பசங்களுக்கு மட்டும்தான். எனக்குக் கம்பெனில டீயும் பன்னும் கெடைக்கும். அவரு வெறும் வயித்தோட ஃபர்னஸ் பக்கத்துல போயி நின்னுகினு இருந்தாரு. போன மாசம் ஒரு நாளு மயங்கி உழுந்துட்டாரு."

அந்தத் தேதி எனக்குத் தெரியும். நான்தான் பதிவு செய்தேன். "அரை நாள் விடுப்பு, சம்பளம் இல்லை."

எங்கள் வீட்டுக்கு வந்த அமீனா

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பிறந்தது திருவள்ளூரில். அப்பா கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அப்பா யாரோ ஒரு சிநேகிதருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, சிநேகிதர் ஊரை விட்டுப் போய், எங்கள் வீட்டுக்கு அமீனா வந்தார். நீதிமன்ற உத்தரவை எடுத்துக்கொண்டு பொருளை ஜப்தி செய்ய வருகிற ஊழியருக்கு அந்தப் பெயர். காக்கி அரைக்கை சட்டை, கக்கத்தில் ஒரு நோட்டு.

அப்பாவின் சைக்கிள், சுவர்க் கடிகாரம், கண்ணாடி வைத்த பீரோ எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அம்மா சமையலறையிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கடைசியில் கழுத்திலிருந்த திருமாங்கல்யத்தில் கை வைத்தாள்.

"ஐயையோ, அதெல்லாம் வாணாம்மா" என்று அமீனா எழுந்தே விட்டார். "சமைக்கிற பாத்திரத்தயும் உள்ள எடுத்துக்கினு போங்க. சோறு பொங்க வாணாமா?"

அதன்பிறகு அம்மா இருந்தவரைக்கும் அந்த மனிதரை மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது எங்கள் பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொள்வாள், கடைசியில் "அந்த அமீனாவும் நன்னா இருக்கணும்" என்பாள். பெயர் தெரியாது. பதவியைச் சொல்லித்தான் பிரார்த்தனை.

அன்று ரயிலில் படித்த அதே பிரிவு அறுபதில், தொடக்கத்திலேயே இருந்தது. உடுக்கிற துணி, படுக்கை, தேவையான சமையல் பாத்திரம், வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத ஆபரணம் ஆகியவற்றை ஜப்தி செய்யக்கூடாது.

அமீனா நல்லவர்தான், சந்தேகமில்லை. உட்கார்ந்திருந்தவர் எழுந்தாரே, அது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் பாத்திரம் எங்களுடையது, தாலி எங்களுடையது என்று அம்மாவுக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், அவள் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்க மாட்டாள். வாழ்நாள் முழுக்க, அன்று அவள் கை கழுத்துக்குப் போனது எனக்கு ஞாபகம் வராமலும் இருந்திருக்கும்.

சரி, எஸ்தரிடம் திரும்புகிறேன்.

வெள்ளை ஹெல்மெட், மஞ்சள் ஹெல்மெட்

நீதிமன்ற வளாகங்களில் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கும். பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் காசில்லாமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பலகையைத் தினமும் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்ததில்லை. எஸ்தரிடம் சொன்னேன். அந்த வாரமே போய்விட்டார், இந்தத் தரம் கணவரையும் இழுத்துக்கொண்டு.

அவர்களுக்குக் கிடைத்தது ஒரு வக்கீலம்மா. கடன் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஜெயசீலனிடம் ஒரே கேள்வி கேட்டாராம்.

"கம்பெனில நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"இரும்பு உருக்கி, லேடில்ல புடிச்சி, அச்சுல ஊத்துவேம்மா." லேடில் என்பது இரும்புக் குழம்பை ஏந்துகிற பெரிய வாளி.

"அப்ப உங்க கூலியில ஆறாயிரமில்ல, ஒரு ரூபாகூடப் பிடிக்க முடியாது."

நான் ரயிலில் படித்தபோது தாண்டிப் போன வரி அது. மூன்றில் ஒரு பங்குக் கணக்கு மாதச் சம்பள உத்தியோகஸ்தர்களுக்கு. உடல் உழைத்துச் சம்பாதிக்கிற தொழிலாளியின் கூலிக்கு முழு விலக்கு. வேலை தெரிந்த தொழிலாளி, தெரியாத தொழிலாளி என்ற பேதம்கூட இல்லை. ஆனால் அதை நீதிமன்றத்தில் கேட்டுப் பெற வேண்டும், தானாக வராது.

மனு போட்டார்கள். நிதி நிறுவனத்தின் வக்கீல் ஒரே ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். எங்கள் கம்பெனி கொடுத்த சம்பள ரசீது. அதில் ஜெயசீலன் பெயருக்குக் கீழே பதவி: ஜூனியர் சூப்பர்வைசர்.

அந்த இரண்டு வார்த்தைகளை டைப் செய்தவள் நான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் மேனேஜர் பன்னிரண்டு பேர் பட்டியலைக் கொடுத்து, எல்லாரையும் ஜூனியர் சூப்பர்வைசர் என்று மாற்றச் சொன்னார். சம்பளம் இருநூறு ரூபாய் ஏறியது. அதே நாளிலிருந்து அவர்களுக்கு ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் கிடையாது, ஒற்றைச் சம்பளம்தான், சூப்பர்வைசர்களுக்கு இரட்டை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேலை மாறவில்லை. அதே உலை, அதே வாளி. ஜெயசீலன் பதவி உயர்வு என்று நம்பி, என் ஜன்னலில் வந்து எனக்கு ஒரு லட்டு கொடுத்துவிட்டுப் போனார். நான் சாப்பிட்டேன்.

வக்கீலம்மா என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார். வருகைப் பதிவேட்டோடு, பாதுகாப்புப் பொருள் வழங்குகிற பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லிச் சம்மன் வந்தது. எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர்களுக்கு வெள்ளை ஹெல்மெட். தொழிலாளிகளுக்கு மஞ்சள் ஹெல்மெட், தோல் ஏப்ரன், உலைக்கான கையுறை. யாருக்கு எது கொடுத்தோம் என்று கையெழுத்தோடு அந்தப் பதிவேட்டில் இருக்கும். ஜெயசீலனிடம் விசாரித்துத்தான் வக்கீலம்மா அதைக் கண்டுபிடித்திருந்தார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். குரல் இனிமையாக இருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

"கோதை, சம்மன்ல கேட்ட ரெஜிஸ்டர எடுத்துக்கிட்டுப் போ. ஆனா ரசீதுல என்ன இருக்கோ அத மட்டும் சொல்லு. ஷாப்புக்குள்ள உலைகிட்ட யாரு என்ன வேலை செய்யறான்னு உனக்குத் தெரியாது. நீ டைம் ஆபீஸ். உன் பொண்ணு இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம்தானே?"

மகளைப் பற்றி அதுவரை அவர் விசாரித்ததே இல்லை.

கூண்டில் நின்றது

முந்தின மாலையே எடுத்து வந்திருந்த பதிவேடுகளோடு, அன்று காலை ஆபீசுக்குப் போகாமல் நேராக நீதிமன்றத்துக்குப் போனேன். வாசலில் ஜெயசீலன் நின்றுகொண்டிருந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். என்னைப் பார்த்ததும், "பயமா கீதா மேடம்? மொத நாளு எனக்கும் கை கால்லாம் ஒதறிச்சி. உள்ள ஃபேன் போட்டுகீறாங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். சாட்சிக்கு ஆறுதல் சொல்ல அவர்தான் இருந்தார். எஸ்தருக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை.

கூண்டில் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது. இதை இன்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தேன். நிதி நிறுவனத்தின் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"இந்தச் சம்பள ரசீதைத் தயார் பண்ணது நீங்கதானே?"

"ஆமாம்."

"இதுல சூப்பர்வைசர்னு இருக்கா?"

"இருக்கு."

"அது உண்மைதானே? இல்ல, பொய்னு தெரிஞ்சே டைப் பண்ணீங்களா?"

பக்கவாட்டில் ஜெயசீலன் கைகட்டிக்கொண்டு நின்றிருந்தார். மணிக்கட்டுக்கு மேலே தீப்பொறி பட்ட பழைய புள்ளிகள். அதே கையால்தான் அவர் ரசீதை வாங்கிக்கொள்வார், மாதாமாதம், படித்துக்கூடப் பார்க்காமல்.

"டைப் பண்ணச் சொன்னாங்க, பண்ணேன்" என்றேன். "உண்மையான்னு அன்னிக்கு நான் யோசிக்கல. உண்மை இல்லை."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவருக்குக் கீழ எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

"யாருமில்லீங்க."

"மத்தவங்களுக்கு லீவு கொடுக்க, வேலை பிரிச்சுக் கொடுக்க, இவருக்கு அதிகாரம் உண்டா?"

"இவர் லீவுக்கே இவர் இன்னொருத்தர்கிட்டதான் நிக்கணும். பதவி மாறின பிறகும் இவருக்கு மஞ்சள் ஹெல்மெட்தான் கொடுத்திருக்கோம். வருஷத்துக்கு ரெண்டு தோல் ஏப்ரன். எந்த சூப்பர்வைசருக்கும் நாங்க ஏப்ரன் கொடுக்கறதில்ல. கையெழுத்து எல்லாம் அதுல இருக்கு."

நீதிபதி பதிவேட்டைப் புரட்டினார். மெல்லிய சிவப்புத் தூசி மேஜைமேல் விழுந்தது. அவர் கையால் தட்டிவிட்டு மறுபடி படித்தார்.

வெளியே வந்தேன். நீதிமன்ற ஊழியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவரைக் கொடுத்தார். சாட்சிப் படி என்றார். வந்துபோகிற செலவுக்கும் ஒரு நாள் உழைப்புக்கும் சாட்சிக்குக் கொடுக்கிற பணம். சாட்சியை அழைத்தவர்கள் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். காலையில் சாப்பிடாத ஒரு வீட்டிலிருந்து வந்த பணம். கவரைப் பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு

வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. நீதிமன்றத்தில் பேசியவளை உடனே அனுப்பினால் அதற்கும் கேள்வி வரும் என்று யாரோ மேனேஜருக்குச் சொல்லியிருக்க வேண்டும். என்னைச் சம்பளப் பிரிவிலிருந்து எடுத்து, கேன்டீன் டோக்கன் கொடுக்கிற இடத்தில் போட்டார்கள். தண்டனை என்றுதான் நினைத்தார்கள்.

டோக்கன் வாங்க எல்லாத் தொழிலாளிகளும் தினம் ஒரு தரம் வந்தாக வேண்டும். அவர்கள் என்னிடம் காகிதங்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். வக்கீல் நோட்டீஸ், வங்கிக் கடிதம், கலர் கலராக முத்திரை குத்தின பயமுறுத்தல்கள். நான் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: இது வக்கீல் அனுப்பினது, கோர்ட் அனுப்பினதில்லை. கோர்ட் உத்தரவு இல்லாமல் சம்பளத்தில் யாரும் பிடிக்க முடியாது. கோர்ட்டிலிருந்து வந்தால் டிவிக்குப் பின்னால் வைக்காதீர்கள். அன்றைக்கே சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.

அந்தப் பன்னிரண்டு சூப்பர்வைசர்களும் ஒருநாள் ஒன்றாகப் போய்த் தொழிலாளர் துறையில் ஓவர்டைம் கேட்டு மனுக் கொடுத்தார்கள். அது தனிக் கதை, இன்னும் முடியவில்லை.

ஜெயசீலன் வழக்கில் தீர்ப்பு வர இரண்டு மாதமானது. அன்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நானும் போனேன். எஸ்தரும் வந்திருந்தார். நீதிபதி படித்தது பாதிதான் காதில் விழுந்தது. மனுதாரர் தொழிலாளி என்பது சாட்சியங்களால் தெரிகிறது. தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்ய முடியாது. ஜப்தி நீக்கப்படுகிறது. நீதிமன்றத்தில் கட்டியிருக்கிற பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கடன் போய்விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது என்றால் கடனே இல்லை என்று அர்த்தமில்லை. பிறகு அவர்கள் மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பேசினார்கள். நிதி நிறுவனத்தார் வட்டியில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள், மாதம் இவ்வளவு என்று முடிவானது. ஒரு தவணைகூடத் தவறவில்லை என்று கேள்விப்பட்டேன். தன் கையால் எடுத்துக் கொடுப்பது வேறு, கைக்கு வருவதற்கு முன்பே எடுத்துக்கொள்வது வேறு என்று ஜெயசீலன் ஒருநாள் டோக்கன் வாங்கும்போது சொன்னார்.

தீர்ப்பு நாளன்று நாங்கள் மூவரும் நீதிமன்றத்துக்கு எதிரே டீ குடிக்கப் போனோம். எஸ்தருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நான் பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னேன்.

"நீங்க இன்னாத்துக்கு மேடம் எனுக்கு தேங்க்ஸ் சொல்றீங்க?" என்று திகைத்துப்போனார். "எங்களால உங்களுக்குத்தான் பேஜாரு. சீட்டையே மாத்திட்டாங்களாமே?"

"நீங்க அன்னிக்கு எந்தப் பேப்பர்னு கேக்கலைன்னா, நான் ரிட்டயர் ஆற வரைக்கும் அந்த ரெண்டாவது பக்கத்தத் திருப்பியிருக்க மாட்டேன்."

அவர் டீயை ஆற்றினார். பிறகு, "அன்னிக்கி உங்களத் திட்டணும்னுதான் வந்தேன் மேடம்" என்றார். "வர வழியில நல்லா யோசிச்சி வெச்சிக்கினேன், இன்னா இன்னா கேக்கணும்னு. சோத்து டப்பாவப் பாத்ததும் மனசு வரல. அதான் பேப்பரக் கேட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பையிலிருந்து அந்தக் கவரை எடுத்தேன். பிரிக்காமலே இருந்தது. எஸ்தர் பக்கம் தள்ளினேன்.

"இது நீங்க கட்டின சாட்சிப் படி. எனக்கு வேண்டாம். பசங்களுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்க."

எஸ்தர் கவரைப் பார்த்தார், தொடவில்லை. ஒரு விரலால் என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"அது உங்க கூலி மேடம். நீங்க நின்னு சம்பாதிச்சது. கூலியில யாரும் கை வெக்கக்கூடாதுன்னு இப்பதானே உள்ள சொன்னாங்க?"

ஜெயசீலன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

கவரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்று டீக்கான காசை மட்டும் என்னைக் கொடுக்க விட்டார்கள்.